சிட்டு ஆட்டுத்தோலை மேய்த்த நாள்

மதினி,

என் மடியில் ஒரு கழுத்துப்பட்டை கிடக்கிறது. கறுப்பு நிறம். பெட்டியைப் பிரித்ததும் புது பிளாஸ்டிக் குடத்தின் வாடை அடித்தது. உள்பக்கம் இரண்டு கம்பி முனைகள், தேள்கொடுக்கு மாதிரி. பேரன் சரவணன் செல்போனில் சொல்லி வரவழைத்தது. கூடவே ஒரு சின்னப் பெட்டி. அதில் இருக்கிற பொத்தானை அழுத்தினால் நாயின் கழுத்தில் கரண்ட் பாயுமாம். "நாய் பழக்குற பட்டை ஆச்சி. இப்ப எல்லாரும் இதத்தான் வாங்குதாங்க" என்றான்.

அந்த முனைகளை விரலால் தடவிப் பார்த்தேன். அவ்வளவுதான். அன்றைக்கு எங்கள் பருத்திக்காட்டில் நின்றவர்கள் ஒவ்வொருவராக வந்து என் முன்னால் நின்றுவிட்டார்கள். என் வீட்டுக்காரர். அவருடைய சின்னையா சீனிச்சாமி. பேர்தான் சின்னையா, இவரைவிட நாலைந்து வயது மூப்பு, அவ்வளவுதான். கழுகுமலைப் பக்கமிருந்து வந்த நாய் பழக்குகிற காளியப்பன். மோட்டார் பைக்கோடு அரிசி மில் முருகேசன். உன் புருஷன், அதாவது என் அண்ணன். டீக்கடையைப் பூட்டிவிட்டு ஓடிவந்த பொன்னுத்தாய். இடுப்பில் மூத்தவனோடு நான். கையில் தூக்குவாளியோடு நீ. நாய்களையும் சொல்ல வேண்டும்: காளியப்பனுடைய செவலை, நம்ம சிட்டு. ஊர்ச்சனம் இன்னும் நின்றது. அதெல்லாம் சிரிக்க வந்த கூட்டம், பேர் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாம் வகுப்போடு நின்ற கை இது, எழுத்து கோணும். உனக்கு அந்த எழுத்தும் தெரியாது. அதனால் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுகிறேன். கேட்டுக்கொள்.

நீ என்னைவிட இளையவள். ஆனாலும் அண்ணன் பெண்டாட்டி என்பதால் மதினி. கல்யாணமாகிப் புதூர்ப் பக்கத்து எங்கள் வீட்டுக்கு வந்த புதிதிலேயே ஆட்டுப்பட்டியைக் கையில் எடுத்துக்கொண்டவள் நீ. எனக்குக் கல்யாணம் என்றதும் நகை என்ன, பாத்திரம் என்ன என்று எல்லோரும் பேசிக்கொண்டிருக்க, நீ பட்டிக்குப் போய் பிறந்த குட்டிகளைப் போட்டுவைக்கிற ஈற்றுக்கூடையில் கிடந்த, கன்னி என்கிற வேட்டை நாய்க்குட்டிகளில் ஒன்றைத் தேடி எடுத்து வந்தாய். உடம்பெல்லாம் கறுப்பு. கால்களிலும் கண்ணுக்கு மேலேயும் தேன்நிறப் பொட்டு. வெள்ளாட்டுக் குட்டிகளோடு சேர்ந்து ஆட்டின் மடியிலேயே பால் குடித்து வளர்ந்தது. அதுதான் சிட்டு.

கன்னிக்குட்டியை நாம் விலைக்குக் கொடுப்பதில்லை. பெண்ணோடு அனுப்புவோம், வாக்கு வாங்கிக்கொண்டு. மாப்பிள்ளையும் அந்த வீட்டு ஆண்களும் தங்கள் கையால் ஓர் உருண்டை கம்பஞ்சோறு ஊட்டி, "பட்டினி போடமாட்டேன், கை நீட்டமாட்டேன்" என்று சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் பட்டு வேட்டியில் நின்றுகொண்டு முனகினார். நீ விட்டாயா?

"என்ன அண்ணே, தொண்டை கட்டிருச்சா? சத்தமாச் சொல்லுங்க. நாய்க்குக் கேக்கணும்லா!"

அவர் கத்திச் சொன்னார். பந்தியே சிரித்தது. அடுத்து அவருடைய சின்னையா முறை, எனக்குச் சீனி மாமா. அவர் குனியவே இல்லை. உருண்டையைத் தரையில் போட்டுக் காலால் தள்ளினார். "நாய்தான, தாயி" என்றார். வாக்கும் சொல்லவில்லை. நீ அதைப் பார்த்தாய். நானும் பார்த்தேன். அன்றே மனசில் முடிந்து வைத்தேன்.

வாக்குத் தப்பினால் கொடுத்தவள் வந்து நாயைத் திருப்பி அழைத்துக்கொண்டு போகலாம் என்பதும் அந்த வழக்கத்தில் உண்டு. "பொண்ணத்தான் திருப்பிக் கூட்டிட்டுப் போக முடியாது, நாயக் கூட்டிட்டுப் போயிரலாம்" என்று என் காதில் சொல்லிச் சிரித்துவிட்டுப் போனாய். அதைச் செய்ய வேண்டி வரும் என்று இரண்டு பேருமே நினைக்கவில்லை.

தலைப்பிரசவத்துக்கு நான் தாய்வீடு வந்திருந்த சமயத்தில்தான் அது நடந்தது. சிட்டு வேட்டைக்கு ஆகாத நாய் என்று ஊரில் யாரோ சொல்லிவிட்டார்களாம். சீனி மாமாவுக்கு மானம் போய்விட்டது. என் வீட்டுக்காரரிடம் ஏதோ சொல்லி வாயை அடைத்துவிட்டு, அவளைக் காளியப்பனிடம் அனுப்பிவிட்டார். காளியப்பனுடைய பழக்கம் உனக்குத் தெரியும். இருட்டுக் கொட்டடியில் கம்பி போட்டுக் கட்டுவது, பட்டினி போடுவது, பயந்தால் புளிய விளாரால் அடிப்பது. "பசியும் பயமும்தான் நாய்க்கு வாத்தியாரு" என்பது அவர் வாய்ப்பாடு.

பிள்ளையோடு நான் திரும்பி வந்தபோது வாசலில் சிட்டு இல்லை. குதிருக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்தாள். என் குரலைக் கேட்டு வால் ஆடியது, ஆள் எழுந்து வரவில்லை. யாராவது ஆம்பளை இருமினால் இருந்த இடத்திலேயே மூத்திரம் போய்விடுவாள். கழுத்தைச் சுற்றிக் கம்பி அறுத்த புண்.

சொல்லி அனுப்பியதுதான் தாமதம், மறுநாள் முதல் பஸ்ஸில் நீ வந்து இறங்கினாய். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. புண்ணைப் பார்த்தாய். "யாரு கெட்டுனது?" என்று கேட்டாய். சீனி மாமா பல் குத்திக்கொண்டே, "நாய்தான, தாயி. என்னமோ பிள்ளைய அடிச்ச மாரி கேக்க?" என்றார். நீ அவரைத் தாண்டி நடந்தாய். என் வீட்டுக்காரரைப் பார்த்து, "வாக்கு போச்சு அண்ணே" என்று மட்டும் சொன்னாய். சிட்டுவைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு நடந்துவிட்டாய். அன்றைக்கு அவர் முகம் இருந்த இருப்பு இருக்கிறதே, எனக்குப் பாதிக் கோபம் அப்போதே ஆறிவிட்டது. மீதிப் பாதியை அவருக்குத் தெரியாமல் வைத்துக்கொண்டேன்.

பட்டியில் அவளை என்ன செய்தாய்? ஒன்றும் செய்யவில்லை என்பாய். புண்ணுக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டாய். ஆடுகளோடு விட்டாய். காலையில் கூழ், பொழுது சாயக் கூழ். கூப்பிட்டு வந்தால் ஒரு தடவு, வராவிட்டால் ஒரு சிரிப்பு. மழை முடிவதற்குள் அவள் உன் சீழ்க்கைக்கு அரைக் காட்டைத் தாண்டி வந்தாள். வழிதவறிப் போகிற குட்டியை முன்னால் ஓடி மறித்து, தோளால் இடித்து இடித்துப் பட்டிக்குக் கொண்டுவந்தாள். ஒரு பல் படாது. "வயிறு நெறஞ்ச நாய்தான் மனசு நெறஞ்சு ஓடும்" என்பாய். காளியப்பனுக்கு ஒரு வாய்ப்பாடு என்றால் உனக்கும் ஒன்று.

பங்குனியில் சீனி மாமா என் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு உன் பட்டிக்கு வந்தார். நானும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தேன். "எங்க வீட்டு நாயத் தாங்க. பழக்கம் அரைகொறையா நிக்கி, காளியப்பன்ட்ட இன்னொரு மாசம் விடணும்" என்றார். நீ ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டே, "அவரு நாயும் சிட்டும் ஓடட்டும் சின்னையா. சிட்டு தோத்தா கூட்டிட்டுப் போங்க. செயிச்சா, அவ எங்கன இருக்கணும்னு எங் கொழுந்தியா சொல்லட்டும்" என்றாய்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என் நாயைப் பந்தயத்தில் வைக்க நீ யார்? தோற்றால் அவள் மறுபடி அந்தக் கொட்டடிக்குப் போக வேண்டும். மறுபடி போனால் பிழைக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். பந்தய நாள்வரை உன்னோடு பேசவில்லை. நீ ஆடு ஏற்றிய லாரியில், ஆடுகளோடு ஆடாகச் சிட்டுவையும் ஏற்றிக்கொண்டு எங்கள் ஊர்ப் பக்கம் இடைசெவல் விலக்கில் வந்து இறங்கியபோதுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீ என் பிள்ளையை வாங்கிக் கொஞ்சிவிட்டு, "ஏட்டி, ஒங்க அம்மைக்கு என்ன, வாயில கொழுக்கட்டையா?" என்று அவனிடம் கேட்டாய். ஆண்பிள்ளையை ஏட்டி என்று கூப்பிட்டால் நான் சிரித்துவிடுவேன் என்று உனக்குத் தெரியும். சிரித்துத் தொலைத்தேன்.

பறிப்பு முடிந்து பருத்திமார் பிடுங்கிய காடு, வெயில் தாழ்ந்த நேரம். முயல் பிடித்தால் ஃபாரஸ்ட்காரர்கள் கொண்டுபோய்விடுவார்கள். முயல்தோல் வைத்திருப்பதற்கும் பயம். அதனால் சீனி மாமா ஒரு யோசனை செய்திருந்தார். கறிக்கடையில் வெள்ளாட்டுத்தோல் வாங்கி, வைக்கோல் திணித்துத் தைத்து, கயிற்றில் கட்டி முருகேசன் பைக்குக்குப் பின்னால் இழுக்கவிடுவது. எந்த நாய் முதலில் போய்ப் பிடிக்கிறதோ அது ஜெயித்தது. ஊரே மெச்சிய யோசனை. ஆட்டுத்தோலைப் பார்த்ததும் நீ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாய். எனக்கு அப்போது விளங்கவில்லை.

செவலை பாவம். விலா எலும்பை எண்ணிவிடலாம். முந்தின நாளிலிருந்தே பட்டினி. "பசியில பறக்கும் பாருங்க" என்றார் காளியப்பன். சிட்டு காலையிலேயே உன் கையால் கூழ் குடித்துவிட்டு, கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றாள். "தூங்குமூஞ்சி நாயி" என்றான் முருகேசன்.

பைக் கிளம்பியது. இரண்டையும் அவிழ்த்துவிட்டார்கள். செவலை வெறிபிடித்த மாதிரி பாய்ந்தது. சிட்டு கொஞ்சம் பிந்தித்தான் கிளம்பினாள். பிறகு பார்க்க வேண்டுமே! கால் தரையில் பட்டதா, இல்லையா? கரிசல் மண்மேல் ஒரு கறுப்புக்கோடு இழுத்த மாதிரி போனாள். செவலையைத் தாண்டினாள். தோலைத் தொட்டுவிட்டாள். "பிடிடீ!" என்று நான் கத்தினேன். இடுப்பிலிருந்த பிள்ளை அலறினான்.

அவள் பிடிக்கவில்லை. தோலையும் தாண்டி முன்னால் போய் நின்று மறித்தாள்! நின்று ஒரு குரைப்பு. தோல் அவள்மேல் இடித்துக்கொண்டு போனது. மறுபடி ஓடினாள், மறுபடி மறித்தாள், தோளால் இடித்தாள். சொல்பேச்சுக் கேளாத குட்டி என்று நினைத்துவிட்டாள் போல. முருகேசன் திரும்பிப் பார்த்துவிட்டு பைக்கோடு சாய்ந்தான். கயிறு அறுந்தது. செவலை வந்து தோலைக் கவ்வப் போனதும் சிட்டு பல்லைக் காட்டி உறுமினாள். அதுவரை அவள் பல்லை நான் பார்த்ததே இல்லை. செவலை ஒதுங்கிக்கொண்டது. இவள் தோலின் பிடரியைப் பதமாகக் கவ்வி, காடு நெடுக இழுத்துக்கொண்டு வந்து, உன் காலடியில் போட்டுவிட்டு வாலை ஆட்டினாள். 'இந்தா, உன் குட்டி. எண்ணிக்கோ.'

சிரிப்பு என்றால் சிரிப்பு! பொன்னுத்தாய் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். என் அண்ணன் துண்டால் கண்ணைத் துடைத்தான். சீனி மாமா சிரிக்கவில்லை.

"தோத்தாச்சு! பிடிக்கலேல்லா? வேட்டை நாயா இது, ஆடு மேய்க்கில்லா செய்யுது! காளியப்பா, கெட்டிக் கூட்டிட்டுப் போ."

"ஆட்டு மடியில பால் குடிச்சவ முன்னால ஆட்டுத்தோல இழுத்தது நீங்க சின்னையா" என்றாய் நீ. "இவ அதக் கடிச்சிருந்தா எங்க பட்டியில ஒரு குட்டி மிஞ்சுமா? முதல்ல போனது யாரு? கொண்டாந்து சேத்தது யாரு?"

"கடிக்கணும் தாயி, கடிக்கணும்" என்றார் காளியப்பன். கம்பிச் சங்கிலியை எடுத்துக்கொண்டு சிட்டுவிடம் நடந்தார். இருமினார். சிட்டு என் காலுக்குப் பின்னால் வந்து ஒண்டினாள். அவள் நடுக்கம் என் கெண்டைக்காலில் ஏறியது. அதைத்தான் இன்றைக்கும் மறக்கவில்லை.

அப்போதுதான் செவலை மெல்ல வந்தது. காலடியில் கிடந்த தோலைப் பசியில் கிழித்து, வைக்கோலோடு விழுங்கிவிட்டது. தொண்டையில் சிக்கி விக்கியது. காளியப்பன் விளாரை ஓங்கினார். செவலை அப்படியே வயிறு தரையில் படப் படுத்துக்கொண்டது. நீ குறுக்கே போய் நின்றாய். செவலையின் வாய்க்குள் கையை விட்டு வைக்கோலை எடுத்தாய். தூக்குவாளியைத் திறந்து முன்னால் வைத்தாய். மோர் விட்ட கம்பங்கூழ். அது குடித்த சத்தம் காடு முழுக்கக் கேட்டது. வாளியை நக்கி நக்கிக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்து பார்த்தது.

"ஏலே செவலை, இங்கன வா" என்றார் காளியப்பன். செவலை வரவில்லை. உன் சேலையோரம் போய் உட்கார்ந்துகொண்டது. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டார். அது காதை மடக்கிக்கொண்டு உனக்குப் பின்னால் போனது. கூட்டம் கொல்லென்றது.

அப்போது எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ! மாமனார் முறைக்கு எதிரே அதுவரை தலை நிமிர்த்திப் பேசாதவள் நான். "கூப்பிட்டா வாராத நாய வச்சிருக்கவருகிட்டயா எங்க நாயப் பழக்கணும்? நல்லாருக்கு மாமா ஒங்க ஞாயம்!" என்றேன்.

பொன்னுத்தாய் கைதட்டினாள். என் வீட்டுக்காரர் எழுந்து வந்து காளியப்பன் கையிலிருந்த கம்பிச் சங்கிலியை வாங்கிக்கொண்டுபோய் மேற்கே பாழுங்கிணற்றில் போட்டார். திரும்பி வந்து, ஊர் பார்க்க, வாளியில் ஒட்டியிருந்த கூழை வழித்துச் சிட்டுவின் வாயில் வைத்தார். நீ விடுவாயா? "சத்தமா அண்ணே!" அவர் கத்தினார்: "பட்டினி போடமாட்டேன்! கை நீட்டமாட்டேன்!" மீதிப் பாதிக் கோபத்தையும் அவருக்கு அன்றைக்கு விட்டுக்கொடுத்தேன்.

சிட்டு என்னோடு இருந்தாள். செவலை உன்னோடு வந்தது. பஸ்ஸில் கண்டக்டர், "நாய ஏத்தக் கூடாதும்மா" என்றதற்கு, "நான் எங்க ஏத்துதேன்? அதுவா ஏறுது, நீங்களே சொல்லிப் பாருங்க" என்றாயாம். அண்ணன் வந்து சொன்னான். புதூர்வரை அது உன் சீட்டுக்கடியில் தூங்கிக்கொண்டு போனதாம். டிக்கெட் கேட்டதற்கு, "காளியப்பன் அண்ணாச்சிட்ட வாங்கிக்கோங்க" என்றாயாம்.

அந்தக் காளியப்பன் பிறகு உன் பட்டிக்கு நாயைக் கேட்டு வந்தார். செவலை கட்டிலுக்கடியில் போய்ப் புகுந்துகொண்டது. "கையால சோறு வைங்க, அதுவா வந்தா கூட்டிட்டுப் போங்க" என்றாய். மனுஷன் விடாமல் வந்தார். வாரச்சந்தைக்கு வரும்போதெல்லாம் பட்டியில் உட்கார்ந்து உருண்டை பிடித்து நீட்டுவார். செவலை கடைசியில் ஒருநாள் வந்து வாங்கித் தின்றதும், அத்தனை பெரிய ஆள், மீசையைக் கடித்துக்கொண்டு அழுதாராம். தன் அப்பனும் தன்னை அப்படித்தான் பழக்கினான் என்றாராம். நாயைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. வருவதையும் நிறுத்தவில்லை. கொட்டடியைப் பிரித்துக் கோழிக்கூண்டு கட்டினார். காளியப்பனை மன்னித்துவிட்டேன் மதினி, உன் சொல்லுக்காக இல்லை, அந்தக் கோழிக்கூண்டை என் கண்ணால் பார்த்தேன், அதற்காக.

இனி இந்தப் பட்டைக்கு வருகிறேன். இப்போது வீட்டில் இருக்கிற குட்டி, சிட்டுவின் வம்சத்தில் எத்தனையாவதோ, மயிலை விரட்டுகிறாள் என்று சரவணனுக்குக் குறை. பட்டையை அவள் கழுத்தில் போடப் போனான். "கொண்டா, மொதல்ல எனக்குப் போடு" என்று கையை நீட்டினேன். "ஐயோ ஆச்சி, ஒனக்கு பிரஷர் இருக்கு" என்று பதறினான். "அப்ப ஒனக்கு இல்லேல்லா" என்று அவன் மணிக்கட்டில் மாட்டிப் பொத்தானை அழுத்தினேன். எம்பிக் குதித்தான் பாரு! தண்ணீர்க் குடம் உருண்டது. குட்டி ஓடிவந்து அவன் கையை நக்கு நக்கென்று நக்கினாள். காது மந்தமான என் வீட்டுக்காரருக்கே அவன் போட்ட சத்தம் கேட்டுவிட்டது. "என்னளா, பந்தயமா?" என்று உள்ளேயிருந்து கேட்டார். எனக்குச் சிரித்துச் சிரித்து விலா நோவு.

பிறகு சரவணனும் சிரித்தான். உருண்டை பிடித்து ஊட்டச் சொன்னேன், ஊட்டினான். வாக்கும் சொன்னான், சத்தமாக. பட்டையின் முனைகளை நானே நெம்பி எடுத்துவிட்டேன். வார் நல்ல வார், ஆட்டுக்கொட்டில் படலைக் கட்ட ஆகும். நீ இருந்தால் அதற்கும் ஏதாவது நக்கல் சொல்வாய். நீ போய் ஒரு மழை முடிந்துவிட்டது. உன் தூக்குவாளி என்னிடம்தான் இருக்கிறது. அண்ணன் மகன் கேட்டான், தரமாட்டேன் என்றுவிட்டேன். தினமும் அதில்தான் குட்டிக்குக் கூழ் கரைக்கிறேன். வயிறு நெறஞ்ச நாய்தான் மனசு நெறஞ்சு ஓடும் என்று அவளிடம் சொல்லிக்கொண்டேதான் ஊற்றுகிறேன்.

சிரிப்பெல்லாம் ஓய்ந்தபிறகு, "ஏலே, இதை வாங்கச் சொன்னது யாரு?" என்று சரவணனிடம் கேட்டேன். கோவில்பட்டியில் மகன் வீட்டில் இருக்கிற தாத்தாவைப் பார்க்கப் போயிருந்தானாம். எண்பது தாண்டியும் பல் குத்திக்கொண்டுதான் இருக்கிறாராம். "கழுத்துல சுரீர்னு ஒண்ணு குடு, புத்தி வரும். நாய்தான" என்றாராம்.

காளியப்பனுக்கு விட்டுவிட்டேன். என் வீட்டுக்காரருக்கு விட்டுவிட்டேன். பைக்கோடு விழுந்த முருகேசன் சிட்டுவைத் தூங்குமூஞ்சி என்றானே, அதையும் விட்டுவிட்டேன். என் நாயை என்னைக் கேட்காமல் பந்தயத்தில் வைத்த உனக்கும், போகட்டும், விட்டுவிட்டேன். ஒரே ஒரு ஆளுக்கு விடமாட்டேன். நீ அங்கே இருந்து வேண்டாம் என்று சொன்னாலும் விடமாட்டேன். ஓர் உருண்டை சோற்றுக்குக் குனியாதவர் அவர்.

சீனிச்சாமி.